கத்திக்குப் பின்னால் ஒரு பத்திரம்

சின்ன காஞ்சிபுரத்தில் யாராவது மனை வாங்கப் போவதாகச் சொன்னால் பெரியவர்கள் விலையைக் கேட்க மாட்டார்கள். "வில்லங்கம் பாத்தாச்சா?" என்பார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குள் அது ஒரு சான்றிதழின் பெயர். படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டால் அதே சொல்லுக்கு வம்பு, வழக்கு, ஆபத்து என்று பொருள் மாறிவிடும். இந்த இரண்டு பொருளும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததை எங்கள் ஊர் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆளின் பெயர் ஸ்ரீதர் தனபாலன். 2017 அக்டோபர் தொடக்கத்தில் கம்போடியாவில் அவர் இறந்துபோன செய்தி வந்த அன்று, தேரடிப் பக்கம் டீக்கடையில் பேச்சு ரொம்ப நேரம் மெல்லிய குரலிலேயே நடந்தது. செத்துப்போனதை நம்பலாமா வேண்டாமா என்பதே பலருக்குச் சந்தேகம்.

ஒரு ஊரில் தாதா எப்படி உண்டாகிறார்? பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் இதைக் கேட்பது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் உலகத்தில் இதைப்பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை நம்ம ஊர்த் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எடைக்கல்லாக மூன்று பேர்: நியூயார்க்கில் இத்தாலிய அமெரிக்கக் குற்றக் குடும்பங்களுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல்வரான ஜுசெப்பே மொரெல்லோ, பம்பாயின் வரதராஜ முதலியார், காஞ்சியின் ஸ்ரீதர்.

சுலபமான பதிலை முதலில் தள்ளிவிடலாம். வறுமைதான் காரணம் என்பது அது. வறுமை தாதாவை உண்டாக்கும் என்றால் எங்கள் ஊர் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் முழுக்க தாதாக்கள் இருந்திருக்க வேண்டும். கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கும். அப்படிக் காலம் தள்ளிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் கடன்காரர்களானார்கள், ஊரைவிட்டுப் போனார்கள், பிள்ளைகளை ஒரகடம் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்கள். யாரும் தாதாவாகவில்லை.

இரண்டாவது பதில், வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1959இல் எழுதிய புத்தகத்தோடு பிரபலமானது. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொள்ளையனை ஜனங்கள் தங்கள் ஆளாகப் பார்க்கிறார்கள் என்பது அது. தமிழ் சினிமாவுக்கு இது வற்றாத கிணறு. மூன்றாவது, அமெரிக்கச் சமூகவியலாளர் டானியல் பெல் 1953இல் சொன்னது. வந்தேறிய சமூகத்துக்கு நேரான ஏணி கிடைக்காதபோது குற்றம் ஒரு கோணல் ஏணியாகிறது. முதல் தலைமுறை அதில் ஏறும், அடுத்த தலைமுறை வக்கீலாகும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

எனக்கு அதிகம் பயன்பட்டது நான்காவது பதில். சிசிலியின் மாஃபியாவை ஆராய்ந்து 1993இல் புத்தகம் எழுதிய டியேகோ கம்பெட்டா அந்த அமைப்பை ஒரு வியாபாரமாகப் பார்த்தார். விற்கும் சரக்கு, காவல். மாடு விற்பவனுக்குக் கசாப்புக்காரன்மேல் நம்பிக்கை கிடையாது, அவனுக்கு இவன்மேல் கிடையாது. நடுவில் ஒருவர் நின்று இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு, ஏமாற்றினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் நம் சந்தைத் தரகர் கையில் கத்தி இருந்தால் எப்படியோ, அப்படி. கோர்ட்டும் போலீசும் சரியாக வேலை செய்யாத இடத்தில் இந்தச் சரக்குக்குக் கிராக்கி கூடும் என்பது அவர் வாதம். நமக்கு இது புதிதல்ல. தெற்கே பாளையக்காரர்கள் ஊர்களிடம் காவல் கட்டணம் வசூலித்தார்கள். கட்டாத ஊரில் களவு போகும். களவெடுத்தவன் யார் என்பது காவல்காரருக்குத் தெரிந்தே இருக்கும். கும்பினி ஆட்சி அந்த உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கட்டணத்தின் பெயர் மறைந்தது. மாமூல் என்ற பெயர் மிச்சம்.

ஆனால் கம்பெட்டாவின் பதிலிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. காவல் விற்பவன் அடியாளாகவே நின்றுவிடலாம். அவன் எப்போது பெரிய ஆளாகிறான்? மூன்று வாழ்க்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: அரசாங்கம் மதிப்புக் கொடுத்த ஒரு காகிதத்தில் அவன் கை வைக்கும் அன்று.

மொரெல்லோவை எடுத்துக்கொள்வோம். சிசிலியில் கொர்லியோனே ஊரில் 1867இல் பிறந்தவர். வலது கை பிறவியிலேயே ஊனம். அதை வைத்தே அவருக்குப் பட்டப்பெயர். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குத் தப்பினார். ஊரில் கள்ளநோட்டு வழக்கில் ஆள் இல்லாமலேயே தண்டனை ஆனது. லூசியானாவிலும் டெக்சாஸிலும் தோட்டக்கூலியாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு நியூயார்க் வந்தார். தாய் ஒன்றும் தகப்பன் வேறுமான சகோதரர்களையும், இக்னாட்சியோ லூப்போ என்ற மளிகை வியாபாரியையும் சேர்த்துக்கொண்டு கிழக்கு ஹார்லெமில் காலூன்றினார். 1903 ஏப்ரலில் தெருவோரம் கிடந்த ஒரு பீப்பாய்க்குள் சடலம் கண்டெடுக்கப்பட்டதும் நியூயார்க் பத்திரிகைகள் முழுக்க இவர் கும்பலின் பெயர். அந்த வழக்கில் இவர்மேல் கொலைக் குற்றம் நிரூபணமாகவில்லை.

மொரெல்லோ என்றால் எழுதுகிறவர்கள் எல்லோரும் பீப்பாயில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியம், அதற்கு முந்தைய வருஷம் அவர் ஆரம்பித்த கூட்டுறவு சங்கம். இக்னாட்ஸ் ஃப்ளோரியோ கூட்டுறவு சங்கம் என்று பேர். கொர்லியோனேக்காரர்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டி, மனை வாங்கி, வாடகைக் குடியிருப்புகள் கட்டி விற்றது. சட்டப்படி பதிவான சங்கம். ஊர்க்காரர்களின் உண்மையான சேமிப்பு. நம்ம பக்கம் நகர் போட்டு மனை பிரித்து விற்கும் ஆட்களுக்கு அந்த அமைப்பு அந்நியமாகவே இருக்காது. 1907இல் அமெரிக்காவில் வங்கிகள் ஆட்டங்கண்டன, சங்கம் கவிழ்ந்தது. கையில் பணம் இல்லாத மொரெல்லோ பழைய தொழிலுக்கே திரும்பினார். ஹட்சன் ஆற்றுக்கு அருகே ஹைலேண்ட் என்ற ஊரில், ஒரு பண்ணை வீட்டில் இரண்டு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளை அச்சடித்தார்கள். இடையில் 1909 மார்ச்சில், இந்தக் கும்பல்களைத் துரத்திக்கொண்டிருந்த நியூயார்க் துப்பறிவாளர் ஜோசப் பெட்ரோசினோ பலேர்மோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மொரெல்லோவைக் கடைசியில் பிடித்தது கொலை வழக்கு இல்லை. அமெரிக்க ரகசியப் போலீசின் வில்லியம் ஃபிளின் கள்ளநோட்டு வழக்கில் பிடித்தார். 1910இல் அவருக்கு 25 வருஷம், லூப்போவுக்கு 30 வருஷம். மனிதனைக் கொன்றதைப் பொறுத்துக்கொண்ட அரசு, தன் காகிதத்தைப் போலி செய்ததைப் பொறுக்கவில்லை. பத்து வருஷம் போல உள்ளே இருந்துவிட்டு மொரெல்லோ வெளியே வந்தபோது அமெரிக்காவில் மதுவிலக்கு வந்திருந்தது. தலைமை வேறு ஆளிடம் போயிருந்தது. இவர் யோசனை சொல்லும் பெரியவர் ஆனார். 1930 ஆகஸ்ட் 15 அன்று கிழக்கு ஹார்லெமில் அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள்.

நம் பக்கத்துக் கதைக்கு வரதராஜ முதலியாரைத் தொடாமல் வரமுடியாது. தூத்துக்குடியில் 1926இல் பிறந்தவர், பம்பாய் விக்டோரியா டெர்மினஸில் போர்ட்டர். 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் கள்ளச்சாராயம் காய்ச்சும் தொழில் பெருகியது. வரதா பாய் என்ற பெயரும் அதோடு பெருகியது. மாதுங்கா ரயில் நிலையம் அருகே அவர் போட்ட கணபதிப் பந்தலைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 80களின் நடுவில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவாரின் நெருக்கடி தாங்காமல் சென்னைக்கு வந்துவிட்டார். 1987 தீபாவளிக்கு அவர் வாழ்க்கையைத் தழுவிய 'நாயகன்' படம் வெளியானது. 1988 ஜனவரியில் அவர் மாரடைப்பில் இறந்தார். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த பம்பாய்த் தாதா ஹாஜி மஸ்தான் தனி விமானம் வைத்து உடலைப் பம்பாய்க்கு எடுத்துப் போனார்.

ஹாப்ஸ்பாம் சொன்ன ஏழைப் பங்காளனுக்கு வரதாவைத்தான் பலரும் உதாரணம் காட்டுவார்கள். ரேஷன் கார்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடையாய் நடந்த தமிழனுக்கு அவர் ஒரு கதவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாராயத்தைக் குடித்தது யார்? அதே குடிசைக்காரன். கொடுத்த கை எந்தப் பையிலிருந்து எடுத்தது என்பதை சினிமா நம்மிடம் சொல்லாது.

இனி காஞ்சி. தமிழ்நாட்டு மதுவிலக்கு ஒரு ஊஞ்சல். 1948இல் மாகாணம் முழுக்க வந்தது, 1971இல் தளர்ந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பியது, 1981இல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார், பிறகு சாராயத்தை மட்டும் மூடினார்கள், திறந்தார்கள், 1991இல் மறுபடி மூடினார்கள். பிராந்திக் கடை திறந்திருக்க, மலிவான சாராயம் மட்டும் சட்டவிரோதமானால் என்ன நடக்கும்? பாட்டிலுக்குக் காசில்லாதவனுக்கென்று ஒரு இருட்டுச் சந்தை உண்டாகும். ஸ்பிரிட் கேன்கள் எல்லை தாண்டி வரும். 2023இல் மரக்காணம், 2024இல் கள்ளக்குறிச்சி என்று அந்தச் சந்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஸ்ரீதர் ஆரம்பித்தது இந்தத் தொழிலில். அவர் ஊர் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்று சொல்லும் சமணக் கோயில் இருக்கும் அதே ஊர். சாராய வியாபாரத்தில் பெரிய கையாக இருந்த ஒருவரிடம் சேர்ந்தார், அவர் வீட்டுக்கே மாப்பிள்ளையானார். தொழிலும் சொந்தமும் சேர்ந்தே வருவது கொர்லியோனே வழக்கமும்தான்.

சாராயத்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் மாவட்டத்தைத் தாண்டியிருக்காது. நின்றிருக்கவும் முடியாது, ஏனென்றால் 2003 கடைசியில் டாஸ்மாக் தானே சில்லறைக் கடைகளைத் திறந்துவிட்டது. அரசாங்கத்தோடு போட்டி போட எந்த ரவுடியாலும் முடியாது. ஆனால் அதற்குள் வேறொரு சந்தை திறந்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்ய ஆரம்பித்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். சாலையோரப் புஞ்சைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத விலை வந்தது. ஏக்கர் கணக்கில் பேசிய ஊர், சதுர அடியில் பேச ஆரம்பித்தது.

நிலத்துக்கு விலை ஏறினால் தாதா எதற்கு? நம்முடைய நிலக் காகிதங்களின் நிலைமையைப் பார்த்தால் விளங்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில். பாகப்பிரிவினை வாய்வார்த்தையாக நடந்தது, பதிவாகவில்லை. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். காலத்தில் நேர்ந்த பெயர்ப்பிழை, சர்வே எண்பிழை அப்படியே கிடக்கிறது. நடுவில் கோயில் நிலம், மடத்து நிலம், புறம்போக்கு. வாரிசுகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாத சித்தப்பா. கோர்ட்டுக்குப் போனால் மகன் போட்ட வழக்குக்குப் பேரன் தீர்ப்பு வாங்குவான். வாங்க வந்தவருக்கோ இந்த மாதமே பத்திரம் வேண்டும். இந்த இரண்டு வேகத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தில்தான் கட்டப்பஞ்சாயத்து குடியிருக்கிறது. அங்கே ஒரே நாளில் தீர்ப்பு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மிரட்டி வாங்கிய பணத்தைப் போலீஸ் கைப்பற்றலாம். மிரட்டி வாங்கிய கையெழுத்து சார்பதிவாளர் முன்னால் போடப்பட்டுவிட்டால், கோர்ட் ரத்து செய்யும் வரை அது முறையான கிரயம். மிரட்டியது வீட்டில், ராத்திரியில். பத்திரம் பதிவானது ஆபீசில், பகலில், சாட்சிகளோடு, புகைப்படத்தோடு. முதலில் ஒரு பவர் பத்திரம், அப்புறம் கிரயம், அப்புறம் இன்னொரு கிரயம். மூன்றாவது கையில் இருப்பவருக்கு முதல் கையில் நடந்தது தெரியவே வேண்டாம். மொரெல்லோ அச்சடித்தது போலி நோட்டு, பிடித்தார்கள். இங்கே கிடைத்ததோ அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த அசல் காகிதம். அதனால்தான் இத்தனை பெரிய ஆளாக வளர முடிந்தது என்பது என் கணிப்பு.

போலீஸ் கணக்கில் ஸ்ரீதர் மேல் 40க்கும் மேற்பட்ட வழக்குகள். அதில் கொலை வழக்குகளும் உண்டு, நில அபகரிப்பு வழக்குகளும் உண்டு. குண்டர் சட்டத்தில் உள்ளே போவார், வெளியே வருவார். நெருக்கடி முற்றியதும் வெளிநாடு போய்விட்டார். துபாயிலிருந்து போனில் காரியம் நடப்பதாக ஊரில் பேச்சு. பாஸ்போர்ட் முடக்கப்பட்டது. நீதிமன்றம் அவரைத் தலைமறைவுக் குற்றவாளியாக அறிவித்தது. கோடிக்கணக்கான சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது. ஃபிளின் கையாண்ட அதே வழி: கொலையில் பிடிபடாதவனைக் காகிதத்தில் பிடிப்பது. கம்போடியாவில் விஷம் குடித்து இறந்ததாகச் சேதி வந்தது. போகும்போது சொந்த ஊருக்குள் கால்வைக்க முடியாத நிலை. உடல்தான் திரும்பி வந்தது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சின்ன காஞ்சிபுரமும் குற்றமும் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது 2004 செப்டம்பரில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நடந்த மேலாளர் கொலை. அந்த வழக்கை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. புதுச்சேரி நீதிமன்றம் 2013 நவம்பரில் எல்லோரையும் விடுதலை செய்தது. யார் செய்தது என்றே நிலைநாட்டப்படாத ஒன்றை வைத்துக் கோட்பாடு கட்டுவது நியாயமில்லை.

ஸ்ரீதர் என்ற ஆள் போனார், தொழில் போனதா? அதுதான் கோணல் ஏணிக்காரர்களுக்கு என் கேள்வி. டானியல் பெல் கணக்குப்படி அடுத்த தலைமுறை வக்கீலாகி ஏணியை மடக்கி வைத்திருக்க வேண்டும். இங்கே ஸ்ரீதர் இடத்துக்குப் போட்டி வந்தது. கூட இருந்தவர்களே இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். பழிக்குப் பழி வருஷக்கணக்கில் போனது. 2023 டிசம்பரிலும் ஒரு ரவுடி கொலையை அடுத்து இரண்டு இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நியூயார்க்கிலும் மொரெல்லோவுக்குப் பின் நாற்காலி காலியாக இருந்ததில்லை. அவர் விதைத்த கும்பல்தான் பின்னாளில் ஜெனோவீஸ் குடும்பம் ஆனது. என்கவுன்ட்டரைக் கைதட்டி வரவேற்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் ஆளை எண்ணுகிறார்கள். நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நாற்காலியை நகர்த்த அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. 1982இல் குண்டர் சட்டம். அது ஆளைப் பிடிக்கிறது. 2011இல் நில அபகரிப்புக்குத் தனிப் போலீஸ் பிரிவுகள் வந்தன. எது நில அபகரிப்பு என்ற வரையறையே இல்லாத அரசாணையை 2015இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது காகிதத்தைத் தொட்டது. ஆனால் சொத்துரிமையை முடிவு செய்வது சிவில் கோர்ட்டின் வேலை என்று சொல்லி 2024இல் அதையும் உயர் நீதிமன்றம் செல்லாதது ஆக்கிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த சிவில் கோர்ட்டின் வேகம் மாறவில்லையே.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் ஜனநாயகத்துக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தது. குடவோலையில் யார் பெயரை எழுதக்கூடாது என்ற பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் உறவுக்காரனும் கூடாது. கள்வனுக்கும் கணக்கு மறைத்தவனுக்கும் ஒரே கல்லில் ஒரே தடை. ஓலையும் கணக்கும் கெட்டால் ஊர் கெடும் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது பரந்தூர். 2022இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இடம் அங்கே என்று அறிவித்தார்கள். திட்ட எல்லைக்குள் வரும் ஏகனாபுரத்துக்காரர்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். கையகப்படுத்தும் எல்லைக்கு வெளியே இருக்கும் மனைகளுக்கோ போர்டு முளைத்துவிட்டது. ஹூண்டாய் வந்தபோது வந்த அதே பரபரப்பு. பட்டா அதே தாத்தா பெயரில்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சென்ட் நிலமாவது உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணைப் போட்டு இந்த வாரமே பாருங்கள். தெரியாத பெயர் ஒன்று அதில் இருந்தால், பேசித் தீர்த்துத் தருகிறேன் என்று வருகிற அண்ணனிடம் போகாமல் வக்கீலிடம் போங்கள். தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை, சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாலும், அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து மாற்றிவிடுங்கள்.